முழங்கால் மாத்தியாச்சு, அப்புறம்? தரமணிக்கு ஒரு ‘குரூப் கிளாஸ்’ ஏன் தேவை

தரமணியில் ஒரு வீட்டை நினைச்சுக்கங்க. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. அம்மாவுக்கு 64 வயசு. வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகிறது. மகளுக்கு ராஜீவ் காந்தி சாலையில் ஐ.டி. வேலை. காலையில் கிளம்பும்போது, “அந்தப் பேப்பர்ல இருக்கிற எக்சர்சைஸ் எல்லாம் பண்ணிடும்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அம்மா “சரி” என்கிறார். சாயங்காலம் வந்து கேட்டாலும் அதே “சரி”. பேப்பர் ஃப்ரிட்ஜ் மேலே, வாட்டர் கேன் பில்லுக்குக் கீழே கிடக்கிறது.

இந்த வீடு கற்பனை. ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது முட்டி ஆபரேஷன் நடந்திருந்தால் அந்தப் பேப்பரை உடனே அடையாளம் தெரியும். கோட்டு ஓவியத்தில் காலை நீட்டும் ஒரு மனிதர், வரிசையாகச் சில பயிற்சிகள், பக்கத்தில் ‘தினமும் 3 வேளை’. லட்சக்கணக்கில் செலவழித்த ஒரு சிகிச்சையின் மீதிப் பாதி அந்த ஒரு தாளை நம்பி நிற்கிறது.

அந்த மீதிப் பாதியை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்றில்லை. எட்டுப் பேர் ஒரே அறையில், ஒரே பிசியோதெரபிஸ்ட் முன்னால் சேர்ந்து செய்தாலும் பலன் குறைவதில்லை, செலவுதான் குறைகிறது. இதற்கு ஆதாரம் இருக்கிறது. சென்னையில் இடமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

உலோகத்துக்கு உச்சவரம்பு வந்தது, பயிற்சிக்கு?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் இம்ப்ளான்ட்டுகளுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதுவரை சராசரியாக 1.58 லட்ச ரூபாய் எம்.ஆர்.பி. போட்டிருந்த கோபால்ட் குரோமியம் வகை 54,720 ரூபாய்க்கு வந்தது, ஜி.எஸ்.டி. தனி. டைட்டானியம், ஆக்ஸிடைஸ்டு சிர்கோனியம் வகைகளுக்கு 76,600 ரூபாய். நாட்டில் ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை லட்சம் முழங்கால் சிகிச்சைகள் நடக்கின்றன, இதனால் மக்களுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று மத்திய அரசு அப்போது கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது.

ஆக, மூட்டு வாங்குவதில் அரசு தலையிட்டாயிற்று. அந்த மூட்டை ஆட்டிப் பழக்க வேண்டிய வேலை மட்டும் குடும்பத்தின் தலையில். 2019-ல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, மாற்று முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் வரை தாங்குகின்றன. அவ்வளவு நாள் உழைக்கப்போகிற ஒரு பொருளை முதல் சில வாரம் யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்த்தால், யார் கையிலும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு காலில் என்ன நடக்கிறது?

முட்டி மாற்றிய பிறகு நோயாளி அதிகம் பயப்படுவது காயத்தைப் பற்றி. தையல் பிரிந்துவிடுமோ, உள்ளே இருக்கிற உலோகம் நகர்ந்துவிடுமோ என்று. ஆனால் அங்கே உண்மையில் பெரிய அடி வாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, நடக்கும்போது முட்டி மடங்கி விழாமல் பிடிப்பது எல்லாம் இந்தத் தசையின் வேலை. ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்தில் இதன் வலு, முன்பு இருந்ததைவிடச் சுமார் 60 சதவீதம் குறைந்திருந்ததாக 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து சொன்னது. தசை மெலிவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வலியும் வீக்கமும் இருக்கும்போது அந்தத் தசைக்கு வரும் நரம்புக் கட்டளையே மட்டுப்பட்டுவிடுகிறது. கால் நீட்டச் சொன்னால் “நீட்டிட்டுத்தானே இருக்கேன்” என்பார்கள். பொய்யில்லை. நீட்டத்தான் பார்க்கிறார்கள், தசை கேட்கவில்லை.

இதில் வீட்டார் அன்பாகச் செய்கிற ஒரு தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். கால் வலிக்குது என்றதும் முட்டிக்கு அடியில் ஒரு தலையணை. அவங்களுக்கும் சுகமா இருக்கும். ஆனால் அப்படியே மணிக்கணக்கில் மடங்கிய நிலையில் விட்டால், முட்டி முழுசாக நேராகும் திறனை இழக்க ஆரம்பிக்கும். பிறகு நடையே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கால் உயரமாக இருக்க வேண்டுமென்றால் தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும், முட்டிக்கு அடியில் வேண்டாம் என்றுதான் பிசியோக்கள் சொல்வார்கள். மருத்துவமனையிலும் சொல்லியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் நாளின் களேபரத்தில், பில் கவுன்ட்டர், மருந்துச் சீட்டு, ஆம்புலன்ஸா கேபா என்ற குழப்பத்துக்கு நடுவில் அது யார் காதில் விழும்?

முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்று கனடா உட்படப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாவற்றுக்கும் பயிற்சி செய்யாததே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற காரணங்களைவிட, நம் கையில் இருப்பது இதுதான்.

கூட்டமாகச் செய்தால் சரியாக வருமா?

வரும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆன 249 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒருவருக்கு ஒரு பிசியோ, 6 வாரத்தில் 12 முறை. இரண்டாவது பிரிவுக்கு அதே 12 முறை, ஆனால் குழுவாக. மூன்றாவது பிரிவு வீட்டிலேயே, கண்காணிப்போடு. பத்தாவது வாரத்தில் வலியையும் செயல்திறனையும் அளந்தபோது தனி பிசியோ பிரிவு மற்ற இரண்டையும் முந்தவில்லை. ஓராண்டு கழித்தும் அதே நிலைதான்.

பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். 180 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு சேர்த்து, ஆபரேஷனுக்கு 6 வாரம் கழித்து வாரம் ஒரு குரூப் வகுப்பு, ஒரு மணி நேரம், மொத்தம் 6 வகுப்புகள்தான். ஓராண்டு முடிவில் குழுவில் சேர்ந்தவர்கள் நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாட வேலைகளில் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஆறு மணி நேர முதலீட்டுக்கு அது மோசமான லாபமும் இல்லை.

பத்து நாள் தங்கிச் செய்கிற ‘ரீஹேப் பேக்கேஜ்’ பற்றி யோசிப்பவர்களுக்கும் ஒரு தகவல். 2017-ல் ஜாமா இதழில் வந்த இன்னொரு சிட்னி ஆய்வு, ஆபரேஷனுக்குப் பிறகு 10 நாள் உள்நோயாளியாகத் தங்கிப் பயிற்சி எடுத்தவர்களையும், நேராக வீட்டுக்குப் போய்க் கண்காணிப்போடு பயிற்சி செய்தவர்களையும் ஒப்பிட்டது. 26 வாரம் கழித்து நடக்கும் திறனில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கும், வேறு சிக்கல் உள்ளவர்களுக்கும் தங்குவது தேவைப்படலாம். மற்றபடி அந்தப் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

அப்போ வீட்டிலேயே பண்ணலாமே?

நியாயமான கேள்வி. இந்த ஆய்வுகளை வைத்தே, “குரூப்பும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம், வீட்டில் செய்தால் போதும்” என்று வாதாடலாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் பெரும்பாலானவர்களுக்குச் சுயமாகச் செய்யும் பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது. அன்றாட வேலைகளில் சிரமப்படுகிறவர்களுக்கும், சுயபயிற்சியில் முன்னேறாதவர்களுக்கும்தான் கண்காணிப்போடு கூடிய தனி அல்லது குழு வகுப்பு.

ஆனால் அதே வழிகாட்டி ஒரு நிபந்தனையும் போடுகிறது. நோயாளிக்கு இலக்கு என்ன, ஏன் செய்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆய்வுகளில் ‘வீட்டுப் பயிற்சி’ என்று வருவதும் இப்படி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிற பயிற்சிதான். ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிற தாள் அந்த வகையில் சேராது. “இப்படி வீங்கியிருக்கே, இன்னிக்கு பண்ணலாமா?” என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில், அம்மா எடுக்கும் பாதுகாப்பான முடிவு படுத்துக்கொள்வதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது.

நம்ம ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இங்கே முழங்கால் மாற்றிக்கொள்பவர்களில் பெண்களே அதிகம். வீட்டில் ஒரு பெண் நடக்க ஆரம்பித்ததும் என்ன நடக்கும்? அடுப்படிக்குப் போவார். “நாள் முழுக்க வீட்ல நடந்துட்டுத்தானே இருக்கேன், தனியா எக்சர்சைஸ் வேறயா?” அடுப்பு முன்னால் நிற்பது தொடைத் தசையைப் பலப்படுத்தாது, காலில் வீக்கத்தைத்தான் கூட்டும். தனக்காக மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொள்வது அந்த வயதுப் பெண்கள் பலருக்கும் பழக்கமே இல்லாத ஒன்று. வாரம் ரெண்டு நாள் நாலு மணிக்கு ‘கிளாஸ் இருக்கு’ என்றால் அது வேற. அதற்கு வீட்டில் எல்லோரும் வழி விடுவார்கள்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு ஒரு முறைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏரியாவைப் பொறுத்துக் கூடும், குறையும். வாரம் 3 முறை, 6 வாரம் என்றால் 10,800 ரூபாய். பல குடும்பங்கள் பத்து நாளிலேயே நிறுத்திவிடுவது இதனால்தான். இப்போது அதே பிசியோ ஒரு அறையில் 8 பேருக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறார், ஆளுக்கு 150 ரூபாய். நோயாளிக்கு 18 வகுப்புக்கும் சேர்த்து 2,700 ரூபாய்தான். பிசியோவுக்கோ ஒரு மணி நேரத்தில் 1,200 ரூபாய். வேளச்சேரியிலிருந்து திருவான்மியூருக்கு, அங்கிருந்து பெருங்குடிக்கு என்று பைக்கில் சிக்னல் சிக்னலாக நிற்கிற நேரமும் மிச்சம். இதில் நஷ்டப்படுவது யார் என்று தேடினால் பெட்ரோல் பங்க் மட்டும்தான்.

ஐ.டி. நிறுவனங்களின் குரூப் பாலிசியில் பெற்றோரையும் சேர்த்திருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 அல்லது 90 நாள் செலவுக்கு இடம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி அதில் வருமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் முடிந்து கேட்டால் எல்லாரும் ‘செக் பண்ணிச் சொல்றோம்’ என்பார்கள்.

அந்த அறையில் என்ன நடக்கும்?

ஜிம் மாதிரி எதுவும் வேண்டாம். கை வைக்காத, உறுதியான நாற்காலிகள் எட்டு. பிடித்துக்கொள்ள ஒரு சுவர். ஒரு படி உயரத்துக்கு மரப்பெட்டி. காலில் கட்டும் அரைக் கிலோ, ஒரு கிலோ எடைப் பட்டைகள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அடுத்த இடத்தில் பெட்டி மேல் ஏறி இறங்குவது, அடுத்ததில் எடையோடு காலை நீட்டுவது, பிறகு நடை. ஒவ்வொருவரும் இடம் மாறிக்கொண்டே போவார்கள். பிசியோ நடுவில் நின்று, யார் ஆபரேஷன் காலுக்குப் பாரம் கொடுக்காமல் நல்ல காலையே நம்பி எழுகிறார் என்று பார்ப்பார். இது முக்கியம். கிட்டத்தட்ட எல்லோரும் இப்படி ஏமாற்றுவார்கள், தாங்கள் ஏமாற்றுவது தெரியாமலே. இதைத் தாள் கண்டுபிடிக்காது, யூடியூப் வீடியோவும் கண்டுபிடிக்காது.

30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதை எண்ணி எழுதி வைத்தால் முன்னேற்றம் எண்ணிலேயே தெரியும். போன வாரம் 6, இந்த வாரம் 8.

கூட்டத்தில் கிடைக்கிற இன்னொன்றுக்கு மருத்துவப் பெயர் தேவையில்லை. நாலாவது வாரத்தில் இருப்பவர், பத்தாவது வாரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் படி ஏறுவதைப் பார்க்கிறார். ராத்திரி வலிப்பது தனக்கு மட்டுமில்லை, முட்டி சூடாக இருப்பது, ‘கடக்’கென்று சத்தம் வருவது எல்லாம் மற்றவர்களுக்கும் உண்டு என்று தெரிந்துகொள்கிறார். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. “அவங்க 110 டிகிரி மடக்குறாங்க, எனக்கு 85-தான்” என்று மனம் உடைந்து போகிறவர்களும் உண்டு. நல்ல பிசியோ அந்த ஒப்பீட்டை வளர விடமாட்டார்.

உடை ஒரு சிக்கல்தான். நைட்டியோ புடவையோ கட்டிக்கொண்டு ஆண்கள் இருக்கும் அறையில் காலைத் தூக்கச் சொன்னால் பலர் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார்கள். பெண்களுக்குத் தனி நேரம் என்பது இங்கே சலுகை இல்லை, வகுப்பு நடப்பதற்கான அடிப்படைத் தேவை.

எல்லோரும் முதல் வாரமே வர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காயம் ஆறி, சர்ஜன் சரி என்ற பிறகுதான். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்திலிருந்து நீர் வடிந்தாலோ அன்று வகுப்பு கிடையாது, மருத்துவமனைக்குத்தான். மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

சரி, தரமணியில் எங்கே?

டைடல் பார்க் இருக்கும் அதே ராஜீவ் காந்தி சாலையில் வி.எச்.எஸ். மருத்துவமனை இருக்கிறது. தினமும் அதைக் கடந்து ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் கதை தெரியும் என்று தெரியவில்லை. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய அமைப்பு அது. குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்டுவது, அதை வைத்து எல்லோருக்கும் சிகிச்சை, சுற்றுவட்டாரத்தில் ‘மினி ஹெல்த் சென்டர்’கள். மெடிக்ளைம் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில், சேர்ந்து செலவு செய்தால் ஆளுக்குக் குறையும் என்பதை இதே தரமணி செய்து பார்த்திருக்கிறது. குரூப் கிளாஸ் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆக வேண்டிய யோசனை இல்லை.

அரசின் பக்கமும் பாதி வேலை முடிந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்கள் வீடு தேடி வருகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு அது வரம். ஆனால் வாக்கரோடு தெருமுனை வரை வரக்கூடிய ஒருவருக்கு, அவர் வீட்டுக்குள்ளேயே சேவை கொடுப்பது இரண்டு வகையில் வீண். பிசியோவின் நேரம் போகிறது, நோயாளி வெளியே வரும் வாய்ப்பும் போகிறது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டு நகரங்களில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, முதல் 500 மையங்கள் 2023 ஜூனில் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. டாக்டர், நர்ஸ், சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். பிசியோ அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டையும் சேர்த்தால் போதும். வீடு வீடாகப் போகும் பிசியோ வாரத்தில் இரண்டு மாலைகள் மையத்தில் இருக்கட்டும். மையம் சின்னது என்றால் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறை, சமுதாயக் கூடம், எது தரைத்தளத்தில் இருக்கிறதோ அது. தரைத்தளம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் பிசியோதெரபி கிளினிக்குகளே முதல் மாடியில் இருக்கின்றன.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். சென்னையில் அது பெசன்ட் நகரில். காலையில் எலியட்ஸ் பீச் பக்கம் போனால் கூட்டமாக நடப்பது, கூட்டமாகக் கை தட்டிச் சிரிப்பது எல்லாம் பார்க்கலாம். சேர்ந்து உடற்பயிற்சி செய்ய சென்னைக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் சேர ஏற்கெனவே நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். தரமணியிலிருந்து பெசன்ட் நகர் பக்கம்தான். நாலு வாரத்துக்கு முன் முட்டி மாற்றியவருக்கு 8 கிலோமீட்டர் இருக்கட்டும், மூணு மாடி இறங்கி வருவதே முதல் பரீட்சை. பறக்கும் ரயிலின் தரமணி ஸ்டேஷன் படிகள் அடுத்தது.

அரசு செய்யும் வரை காத்திருக்க முடியாதவர்கள், அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது மருத்துவமனை பிசியோவிடம் ஒன்றைக் கேட்கலாம்: “இந்த மாசம் இங்க முட்டி ஆபரேஷன் பண்ணின இன்னும் நாலஞ்சு பேரைச் சேர்த்து ஒரே நேரத்துல கிளாஸ் எடுப்பீங்களா?” மருத்துவமனையிடம் நோயாளிப் பட்டியல் இருக்கிறது, ஹால் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. பெரிய அபார்ட்மென்ட்களில் அசோசியேஷனே இதைச் செய்யலாம். யோகாவுக்கும் சும்பாவுக்கும் கொடுக்கிற கிளப் ஹவுஸ் மதியம் 3 மணிக்குச் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது.